துண்டு, கொப்பி, திகதி: கிளினிக் கேள்விகளுக்குப் பதில்

அரச வைத்தியசாலையில் டொக்டரிடம் காட்டுவது பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

*கேள்வி: தனியார் இடங்களில் போன் பண்ணி நம்பர் எடுக்கிறோம். அரச வைத்தியசாலையில் ஏன் அப்படி எடுக்க முடிவதில்லை? விடிய 5 மணிக்கே போய் நிற்கத்தான் வேண்டுமா? (வாசகி, சாம்பல்தீவு)*

இரண்டு வாசல்களை ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. ஓ.பி.டி. என்கிற வெளிநோயாளர் பிரிவுக்குத் திகதியும் தேவையில்லை, கடிதமும் தேவையில்லை. அன்று போய், அன்று துண்டு எடுத்து, அன்றே காட்டிவிட்டு வரலாம். கிளினிக் அப்படியல்ல. அங்கே இருப்பவர் வைத்திய நிபுணர். வேறொரு டொக்டர் கடிதம் எழுதி அனுப்பினால்தான் உள்ளே எடுப்பார்கள், கிழமையில் குறிப்பிட்ட நாளில்தான் நடக்கும், முதல் தடவை வருபவர்களுக்கு ஒரு நாளில் சில இடங்கள்தான் இருக்கும். சில வைத்தியசாலைகள் கிளினிக்குக்குத் தொலைபேசிப் பதிவு வைத்திருக்கின்றன. உங்கள் கிளினிக்கில் உண்டா என்று கொப்பி வாங்கும் மேசையில் கேட்டுவிடுங்கள்.

விடிய 5 மணிக்குப் போவது ஓ.பி.டி.க்கு உதவும். கிளினிக்குக்குப் பெரிதாக உதவாது. அங்கே திகதி கொப்பியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், முந்திப் போவதால் அன்றைய வரிசையில் சில இடம் முன்னால் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. காய்ச்சல், இருமல், தோல் அரிப்பு, முதுகுப் பிடிப்பு எல்லாவற்றுக்கும் டவுன் பெரியாசுபத்திரி வரை போக வேண்டியதில்லை. நிலாவெளி, குச்சவெளி, தம்பலகாமம், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களில் பிரதேச வைத்தியசாலைகள் இருக்கின்றன. கந்தளாய், கிண்ணியா, மூதூர், புல்மோட்டை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்து, பாதை எனும் மிதவைக்குக் காத்து நின்ற காலம் போன பிறகு நேரே டவுனுக்கே ஓடப் பழகிவிட்டோம். சின்ன வருத்தத்துக்குப் பெரிய வரிசையில் நிற்பது அந்தப் பழக்கத்தால்தான்.

*கேள்வி: கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தும் இரண்டு மாதம் கழித்துத்தான் திகதி தந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அடுத்த கிழமையே கிடைத்தது. செல்வாக்கா? (வாசகர், தம்பலகாமம்)*

செல்வாக்கு எங்கும் இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதைச் சந்தேகிக்கும் முன் கடிதத்தைப் பாருங்கள். கிளினிக் மேசையில் இருக்கும் மிஸியோ டொக்டரோ உங்களைப் பரிசோதித்துத் திகதி போடுவதில்லை. கையிலிருக்கும் தாளைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். "சீனி. மெடிக்கல் கிளினிக்குக்கு அனுப்பப்படுகிறது" என்று ஒரே வரி இருந்தால், அந்தத் தாளில் அவசரம் எதுவும் தெரிவதில்லை. வரிசையின் கடைசி இடம்தான் கிடைக்கும்.

அதே ஆளுக்கு இப்படி எழுதப்பட்டிருந்தால் எப்படியிருக்கும் என்று பாருங்கள்: "பெண், 58 வயது. 9 வருடமாகச் சீனி. மெட்ஃபோர்மின் 500 மி.கி. நாளுக்கு 3 தடவை. 3 மாதமாக இரண்டு பாதமும் விறைப்பு. இடது பெருவிரலில் 2 கிழமையாக ஆறாத புண். வெறுவயிற்றுச் சீனி 214. இடது பாதத்தில் நாடித் துடிப்பு மெலிவு." இதை வாசிப்பவர் இரண்டு மாதம் கழித்துத் திகதி போடத் துணியமாட்டார். அந்தப் புண்ணும் மெலிந்த நாடியும் சேர்ந்தால் விரல் போகும் ஆபத்து இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

கடிதத்தை எழுதுவது டொக்டர்தான். ஆனால் எழுத வேண்டிய விஷயத்தைச் சொல்வது நீங்கள். ஓ.பி.டி.யில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அந்த நேரத்தில் "சீனி கூட, கால் ஒரு மாதிரி" என்றால் அவரும் ஒரு வரிதான் எழுதுவார். வருத்தம் எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, இப்போது போடும் குளிசைகளின் பெயரும் அளவும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசி ரிப்போட்டில் என்ன இருந்தது என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். குளிசையின் பெயர் தெரியாவிட்டால் வெற்று அட்டையையே கொண்டுபோங்கள். "வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று" என்பதை வைத்து யாரும் எதையும் எழுத முடியாது.

ரிப்போட் இல்லாமல் கடிதம் மட்டும் கொண்டுபோவது இன்னொரு பிழை. முதல் நாள் நிபுணர் பார்த்துவிட்டு "இந்த இரத்தப் பரிசோதனைகளைச் செய்து கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு மாதம் போய்விடும். கடிதம் எழுதும் டொக்டரிடமே, "கிளினிக்குக்குப் போக முன்னம் என்ன டெஸ்ட் செய்து வைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். நிறையப் பேர் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதில்லை.

திகதி போட்ட பிறகு வருத்தம் கூடினால், அந்தத் திகதி வரும்வரை வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மறுபடி ஓ.பி.டி.க்குப் போய், கூடியிருப்பதைச் சொல்லிப் புதிதாக எழுதுவியுங்கள். புதிய கடிதத்துக்குப் புதிய திகதி கேட்கலாம்.

*கேள்வி: நிபுணரை முதலில் வெளியில் பணம் கட்டிச் சனல் பண்ணினால்தான் அவருடைய கிளினிக்கில் பெயர் பதியலாம் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், கிண்ணியா)*

இல்லை. அப்படி ஒரு விதி கிடையாது. ஓ.பி.டி. டொக்டர், பிரதேச வைத்தியசாலை டொக்டர், தனியார் டிஸ்பென்சரி டொக்டர் யார் எழுதிய கடிதத்துக்கும் கிளினிக் வாசல் திறந்தே இருக்கிறது. வாட்டில் இருந்து வீட்டுக்குப் போகும்போது தரும் டயக்னோசிஸ் அட்டையும் அதே வேலை செய்யும்.

சனல் பண்ணிய இடத்தில் நிபுணர், "என் கிளினிக்குக்கு வாருங்கள்" என்று ஒரு துண்டு எழுதித் தருவது நடப்பதுதான். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார், அவசரத்தின் அளவு தெரியும், அதனால் வேலை சுருக்கமாகிறது. பணமில்லாதவர் சனல் பண்ணாமல் விட்டால் உரிமை ஒன்றும் குறைவதில்லை. அரச வைத்தியசாலையில் 1951இலேயே கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் போட்டுப் பார்த்து, 1977இல் அதையும் நிறுத்தினார்கள். 25 சதம் கொடுத்து வரிசையில் நின்றதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

*கேள்வி: கிளினிக் நாளில் வெறுவயிற்றோடு வரச் சொல்கிறார்கள். எங்களுக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு எழும்ப வேண்டும். அப்பாவுக்கு இன்சுலின் வேறு. எப்படிச் சமாளிப்பது? (வாசகி, வெருகல்)*

வெறுவயிறு என்றால் 8 தொடக்கம் 12 மணித்தியாலம் சாப்பாடு இல்லாமல் இருப்பது. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 7 மணிக்கு 10 மணித்தியாலம், அது போதும். பின்னேரம் 6 மணிக்கே சாப்பாட்டை நிறுத்திப் பட்டினி போடத் தேவையில்லை. மிகவும் நீண்ட பட்டினியும் அளவைப் பிழையாகக் காட்டலாம். வெறும் தண்ணீர் குடிக்கலாம். தேத்தண்ணீர், பால் இரண்டும் கூடாது.

பிரசர் குளிசையை வழக்கம் போல ஒரு மிடறு தண்ணீரோடு போடலாம். சீனிக் குளிசையையும் காலை இன்சுலினையும் இரத்தம் எடுக்கும்வரை போட வேண்டாம். இரத்தம் எடுத்தவுடன், சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். இராத்திரி போடும் இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை முந்திய கிளினிக்கிலேயே கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள், வீட்டில் நீங்களாகக் குறைக்க வேண்டாம். அப்பாவுக்கு வழியில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழம்பினால் சீனி இறங்கியிருக்கிறது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். டெஸ்டை இன்னொரு நாள் செய்யலாம். அவர் மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். அது இலவசம்.

உங்கள் தூரத்துக்கு இதைவிட நல்ல வழி, கிளினிக் நாளிலேயே இரத்தம் கொடுக்காமல் இருப்பதுதான். இந்தத் தடவை வரும்போதே அடுத்த தடவைக்கான இரத்தத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கிழமை முன்னம் பக்கத்து வைத்தியசாலையில் எடுப்பார்களா என்று கேட்டு, அங்கேயே கொடுத்துவிடலாம். எச்.பி.ஏ.1.சி. என்ற மூன்று மாதச் சராசரி டெஸ்டுக்கு வெறுவயிறே வேண்டாம்.

*கேள்வி: திகதி வர முன்னமே குளிசை முடிந்துவிடுகிறது. கேட்டால் "ஒரு மாதத்துக்குத் தந்தோமே" என்கிறார்கள். யார் கணக்குப் பிழை? (வாசகர், நிலாவெளி)*

நாட்காட்டியின் கணக்குப் பிழை. உங்கள் கிளினிக் "மாதத்தின் முதல் செவ்வாய்" என்று வைத்துக்கொள்வோம். ஒரு முதல் செவ்வாயிலிருந்து அடுத்த முதல் செவ்வாய்க்குச் சில மாதம் 28 நாள், சில மாதம் 35 நாள். வருடத்தில் ஏறத்தாழ நான்கு தடவை 35 வரும். மருந்துச் சாளரத்தில் 28 அல்லது 30 நாளுக்கு எண்ணிக் கொடுத்தால், 35 நாள் மாதத்தில் ஐந்து ஏழு நாள் வெறுமையாகிறது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் நாளை எண்ணிப் பார்க்கவுமில்லை.

திகதி எழுதிய உடனே, மேசையை விட்டு நகர முன்னம், கைத்தொலைபேசி நாட்காட்டியைத் திறந்து நாளை எண்ணுங்கள். 35 என்றால் டொக்டரிடமே "35 நாளுக்கு எழுதுங்கோ" என்று கேளுங்கள். சாளரத்தில் போய்க் கேட்டால் பயனில்லை, அங்கே எழுதியிருப்பதைத்தான் தருவார்கள். அதே நேரத்தில் போயாவையும் பாருங்கள். போயா அன்று கிளினிக் நடக்காது, ஆனால் திகதி போடும் கை சில வேளை அதை மறந்துவிடும்.

அப்படியும் முடிந்துவிட்டால் குளிசை அட்டையையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கிட்டிய வைத்தியசாலை ஓ.பி.டி.க்குப் போங்கள். இடைப்பட்ட சில நாளுக்கு எழுதித் தருவார்கள். இரத்தம் உறையாமலிருக்கும் வார்ஃபரின், வலிப்புக் குளிசை, நீண்ட நாள் போடும் ஸ்டீரொயிட் மூன்றையும் ஒரு நாள்கூட விடக்கூடாது. இவை முடிந்தால் ஆபத்து.

திகதியையே தவறவிட்டவர்களுக்கும் இதே பதில்தான். அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். அதே நிபுணரின் அடுத்த கிளினிக் நாளில் காலையிலேயே கொப்பியோடு போய், தவறிய காரணத்தை மிஸியிடம் சொல்லுங்கள். ஏச்சு விழலாம். ஆனால் திருப்பி அனுப்புவது குறைவு.

*கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. நடக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஓட்டோ பிடித்துக் கொண்டுபோக வேண்டுமா? (வாசகி, மூதூர்)*

மருந்தை மட்டும் வாங்க வீட்டுக்காரர் கொப்பியோடு போகலாமா என்பது அந்த டொக்டரின் முடிவு. ஒரு தடவை அம்மாவைக் கூட்டிப்போய், நிலைமையைக் காட்டி, "இவருக்குப் பதிலாக மகள் மருந்து எடுக்கலாம், இத்தனை மாதத்துக்கு ஒரு தடவை ஆளைக் கொண்டுவர வேண்டும்" என்று கொப்பியிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை அடுத்த தடவை வேறு டொக்டர் இருந்தால் ஏற்கமாட்டார். நீங்கள் போகும் நாள் காலையில் வீட்டில் எடுத்த பிரசர் அளவையும், அம்மாவின் சாப்பாடு, சலம், கால் வீக்கம் எப்படி என்பதையும் எழுதிக் கொண்டுபோனால், ஆளைப் பார்க்காமல் மருந்து எழுதத் தயங்கும் டொக்டருக்கும் ஒரு பிடிமானம் இருக்கும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான முதியோர் அடையாள அட்டையைக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் ஊடாக எடுத்து வையுங்கள். வரிசையில் முன்னுரிமை கேட்க அது உதவும்.

*கேள்வி: டொக்டருக்குத் தமிழ் விளங்கவில்லை, எனக்குச் சிங்களம் தெரியாது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். (வாசகர், உப்புவெளி)*

தலையாட்டாதீர்கள். 1987இன் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஊழியரைக் கேட்பது உங்கள் உரிமை. ஓ.பி.டி. அவசரத்தில் உரிமை பேசி நேரம் போவதைவிட, "தமிழ் தெரிஞ்ச மிஸி ஒராளைக் கூப்பிடுங்கோ" என்று கேட்பது வேகமாக வேலை செய்யும். வெளியே வரும்போது குளிசைப் பையில் எழுதியிருப்பதை மருந்துச் சாளரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்: எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா.

*கேள்வி: எனக்கு 41 வயது. வருத்தம் ஒன்றும் இல்லை. சும்மா ஒரு தடவை எல்லாம் பார்க்க ஓ.பி.டி.யில் நிற்க வேண்டுமா? (வாசகர், சீனக்குடா)*

வேண்டாம். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் உண்டு. சீனி, பிரசர், நிறை, உயரம் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். பெண்களுக்கு 35 வயதில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையோடு தனிக் கிளினிக், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில். நாள் தெரிய உங்கள் பகுதி மருத்துவமாதுவைக் கேளுங்கள். கடிதமும் வேண்டாம், பெரிய வரிசையும் இராது.

*கேள்வி: நெஞ்சு நோவோடு வந்தவருக்கும் துண்டு எடுக்கச் சொல்கிறார்களே? (வாசகி, பாலையூற்று)*

நெஞ்சு நோ, ஒரு பக்கக் கை கால் விழுதல், வாய் கோணல், மூச்சுத் திணறல், பாம்புக் கடி எதுவானாலும் ஓ.பி.டி. வரிசைக்கே போகாதீர்கள். வாசலில் நிற்பவரிடம் அவசர சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேட்டு நேரே உள்ளே போங்கள். டவுன் வரை போகவும் பார்க்க வேண்டாம், கிட்டிய வைத்தியசாலைக்குப் போங்கள், தேவையென்றால் அங்கிருந்தே அம்புலன்ஸில் அனுப்புவார்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி 4½ மணித்தியாலத்துக்குள்தான் போடலாம். அதனால் டொக்டர் முதலில் கேட்பது "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்றுதான். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது மணிக்கூட்டைப் பார்த்து, ஆளைக் கடைசியாக நல்லாய்க் கண்ட நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.