மூன்று மாதமாக உப்புசம்: வெறும் கேஸ்தானா?

கேள்வி: எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அம்மாவுக்கு 56. தாராபுரம் பக்கம் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் இரண்டு கறவை மாடுகளோடு இருக்கிறார்கள். நான் ஞாயிறுதோறும் போய் வருவேன். மூன்று மாதமாக அம்மாவுக்கு வயிறு உப்புசம். நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்கிறார். இரவில் சிறுநீர் கழிக்க நாலைந்து முறை எழுந்திருக்கிறார். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், மருந்துக் கடை கேஸ் மாத்திரை எல்லாம் ஆயிற்று. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா கூட்டிப்போய்த் தொக்கமும் எடுத்தாயிற்று. போன வாரம் துணி துவைக்கும்போது பார்த்தேன்: ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருக்கிறார். உள்பாவாடைக்கோ நீளமாகப் புது நாடா கோத்திருக்கிறார். சித்தி, அம்மாவின் தங்கை, 44 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். “கர்ப்பப்பையை எடுத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது, இனி எனக்கு என்ன வரப்போகிறது?” என்கிறார் அம்மா. நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை கண்ணு, நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. இந்த வாரத்துக்குள் அம்மாவை ஒரு மகளிர் நோய் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நாளைக் குறித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஜாக்கெட்டும் நாடாவும்தான். சாப்பாடு கூடி உடம்பு போட்டால் இரண்டும் சேர்ந்து இறுகும். இளைத்தால் இரண்டும் சேர்ந்து தளரும். தோளும் கையும் வற்றிக்கொண்டே போக, இடுப்புக் கயிறு மட்டும் எட்டாமல் போகிறது என்றால் வயிற்றுக்குள் ஏதோ இடத்தைப் பிடிக்கிறது என்று பொருள். அது நீராக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம். புற்றுநோயாக இல்லாத காரணங்களும் உண்டு. ஈரல் கோளாறில் நீர் கோக்கும், வயிற்றுக் காசநோயிலும் கோக்கும். எதுவானாலும் ஓமத் தண்ணீரில் தீருகிற காரியம் இல்லை.

நான் முதலில் விலக்கிப் பார்க்க நினைப்பது சினைப்பைப் புற்றுநோயை. கருமுட்டை உருவாகும் சினைப்பை ஒரு பாதாம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரியது; இடுப்புக் கூட்டின் ஆழத்தில் இருக்கிறது. மார்பகத்தைப் போலக் கையால் தடவிப் பார்க்க முடியாது, சுற்றிலும் இடம் தாராளம் என்பதால் கட்டி வளர்ந்தாலும் ஆரம்பத்தில் எங்கும் இடிக்காது. இந்தப் புற்றுகளில் பலவும் சினைப்பையை ஒட்டிய கருக்குழாயின் நுனியில் தொடங்குகின்றன என்று இப்போது தெரிந்திருக்கிறது. அங்கிருந்து செல்கள் உதிர்ந்து வயிற்றின் உட்சவ்வில் ஒட்டி நீர் சுரக்க வைக்கும். அந்த நீரும் கட்டியும் இரைப்பையை நெருக்கினால் நாலு வாயிலேயே வயிறு நிறையும். மூத்திரப்பையை அழுத்தினால் இரவெல்லாம் எழ வேண்டும். ஆக நோய் ஓரிடத்தில், முறையீடு வேறிடத்தில். அதனால்தான் பெண்கள் கேஸ் மாத்திரைக்கும், சர்க்கரைப் பரிசோதனைக்கும், மூத்திரக் கிருமிக்கான மருந்துக்கும் அலைந்துகொண்டே மாதங்களைக் கழிக்கிறார்கள்.

உப்புசம், சீக்கிரமே வயிறு நிறைவது, அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடியோ அவசரமாகவோ சிறுநீர் வருவது. இந்த நான்கும் எல்லாப் பெண்களுக்கும் எப்போதாவது வருபவைதாம். கல்யாண விருந்துக்கு மறுநாள் எனக்கும் வரும். கடுமையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் இவை பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று, இது புதிதா? அதாவது இந்த ஓர் ஆண்டுக்குள் தொடங்கியதா? இரண்டு, மாதத்தில் எத்தனை நாள்? 12 நாளுக்கு மேல் போனால் பரிசோதித்தே ஆக வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாகக் குடல் கோளாறு என்று யாராவது சொன்னால், சினைப்பையைப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். குடல் எரிச்சல் நோய் அந்த வயதில் முதன்முறையாகத் தலைகாட்டுவது அரிது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமான உரிமை உண்டு. காங்கேயம் பக்கம் என் பெரியம்மா ஒருவர் இதே உப்புசத்தைத் தொலைபேசியில் சொன்னபோது, மருத்துவம் படித்த நானே ஒரு கேஸ் மருந்தின் பெயரைச் சொல்லி அனுப்பினேன். மாரியம்மன் நோம்பிக்குப் போயிருந்தபோதுதான் பார்த்தேன். அரிசிம்பருப்புச் சாதத்தை இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிடுகிறவர், நாலு கவளத்தில் தட்டை ஒதுக்கிவிட்டார். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அதற்குள் ஐந்து மாதம் போயிருந்தது. அறுவையும் கீமோவும் முடிந்து நான்கு ஆண்டு இருந்தார். அந்த ஐந்து மாதத்தை இன்னும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் கர்ப்பப்பைப் பேச்சுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் பெரும்பாடு, அதாவது மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு என்றால் நாற்பதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடும் வழக்கம் அதிகம். ஆனால் கர்ப்பப்பையை எடுத்தால் சினைப்பையும் போய்விட்டது என்று ஆகாது. அந்த வயதில் பல நேரம் சினைப்பைகளை உள்ளேயே விட்டுவிடுவார்கள், ஹார்மோனுக்காக. பீரோவில் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு கிடைக்கிறதா என்று தேடிப்பாருங்கள். கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மருத்துவரிடம் “வயிறு சரியில்லை” என்று தொடங்காதீர்கள். “மூன்று மாதமாக, அநேகமாக எல்லா நாளும் உப்புசம், சாப்பாடு குறைந்துவிட்டது, உடம்பு இளைத்து வயிறு பெருக்கிறது, சித்திக்கு மார்பகப் புற்றுநோய்” என்று இதே வரிசையில் சொல்லுங்கள். அவர் உள்பரிசோதனை செய்வார். வயிறு, இடுப்பு இரண்டுக்கும் ஸ்கேனும், சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதுவார். எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அந்த ரத்த அளவு 35-க்கு மேல் போனதுமே அழ ஆரம்பிக்காதீர்கள். நார்க்கட்டிக்கும் காசநோய்க்கும்கூட அது ஏறும். 35-க்குள் இருக்கிறது என்று நிம்மதியாகத் திரும்பியும் வராதீர்கள். ஆரம்பக் கட்டப் புற்றில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது ஏறுவதே இல்லை. சந்தேகமான கட்டி என்று வந்தால், அவசரப்பட்டு அருகில் உள்ள ஏதோ ஓர் இடத்தில் அறுவைக்குப் படுக்க வைக்காமல், பெண்கள் புற்றுநோய் அறுவையில் பயின்றவரிடம் போங்கள். முதல் அறுவையில் கட்டியை எவ்வளவு முழுமையாக எடுக்கிறார்கள் என்பதில்தான் பாதி சிகிச்சை இருக்கிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்தியின் கதை உங்களையும் தொடுகிறது. ஐம்பதுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பங்களில் சிலவற்றில் பிஆர்சிஏ என்ற மரபணுக் கோளாறு இருக்கும். அது இருந்தால் மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் ஆபத்து கூடுகிறது. அம்மாவின் பரிசோதனை முடிந்த பிறகு இதை அந்த மருத்துவரிடம் நீங்களே எடுத்துப் பேசுங்கள். அப்பா வழியிலும் இது வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் சினைப்பைப் புற்றுக்கென்று மாஸ்டர் செக்கப்பில் பணத்தைக் கொட்ட வேண்டாம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து, 2021-இல் முடிவைச் சொன்னார்கள்: அப்படிப் பரிசோதித்ததால் சாவு குறையவில்லை. பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கு மட்டும்தான். அதை அவசியம் செய்துகொள்ளுங்கள், ஆனால் அது சினைப்பைக்குப் பதில் சொல்லாது. வேறு சில புற்றுகளும் இப்படிச் சாதாரணத் தொந்தரவு போல வேஷம் போடும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் “உடம்புச் சூடு” என்று இளநீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கட்டியே இல்லாமல் மார்பு சிவந்து, சூடாகி, ஆரஞ்சுத் தோல் போல் ஆகி, ஒரு சுற்று மாத்திரைக்கும் அடங்காவிட்டால், பால் கொடுக்கிற தாயாக இருந்தாலும் மறுபடி காட்டுங்கள். அறுபதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை நோய் வந்து, கூடவே உடம்பும் இளைத்தால் கணையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அம்மாவைக் கிளப்புகிற வேலை. அவர் வராததற்குப் பயம் பாதிக் காரணம்தான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி கட்டுத்தரையில் நிற்கிறது. மாட்டுக்கு வயிறு உப்பினால் அடுத்த அரை மணியில் கால்நடை மருத்துவருக்குப் போன் போகிறது இல்லையா? அப்பாவிடம் இதை அப்படியே கேளுங்கள். என் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அன்றைய காலைப் பாலை அவர் கறந்து சொசைட்டிக்கு ஊற்றட்டும். புற்றுநோய் என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்க வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். “மூன்று மாதம் ஆயிற்று, ஸ்கேனில் என்னவென்று பார்த்துவிடலாம்” என்றால் போதும்.

ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள். அதற்காகத் தாராபுரத்தில் பஸ் ஏறும் முன்பே தண்ணீர் குடிக்க வைத்துவிடாதீர்கள். இப்போதைய நிலைமையில் அவரால் அடக்க முடியாது. போய்ச் சேர்ந்து, டோக்கன் வாங்கிய பிறகு பாட்டிலைத் திறந்தால் போதும்.