அடிச்சது ஒருத்தன், கையைத் தூக்கினது இன்னொருத்தனுக்கு: பாக்சிங் கேள்வி பதில்

கும்மிடிப்பூண்டிக்கும் தடாவுக்கும் நடுவில், தமிழ்நாடு ஆந்திரா எல்லையில், பசங்களுக்கு பாக்சிங் சொல்லித் தருகிறேன். மாவட்டப் போட்டிகளில் பல வருஷம் ஜட்ஜாகவும் உட்கார்ந்திருக்கிறேன். தீர்ப்புகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். அப்படி வந்ததில் சில.

சூளூர்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: மாஸ்டர், என் பையன் பின்னாடி போயி, எதிராளி அடிக்க வந்ததும் திருப்பி கவுன்டர் அடிக்கிறவன். மூணு ரவுண்டும் அவன் அடிதான் சுத்தமா விழுந்துச்சு. ஆனா துரத்திக்கிட்டே வந்த பையனுக்குக் கையைத் தூக்கிட்டாங்க. காசு வாங்கிட்டாங்களா?

காசு என்று உடனே முடிவு கட்டாதீர்கள் அம்மா. ஜட்ஜ் உட்காரும் இடத்தை ஒருமுறை பாருங்கள். ரிங் மேலே, நாற்காலி கீழே. கயிறு குறுக்கே, ரெஃப்ரி குறுக்கே, பாதி நேரம் யாரோ ஒருவன் முதுகு குறுக்கே. அதனால்தான் நான்கு பக்கமும் பிரித்து ஐந்து பேரை உட்கார வைக்கிறார்கள். கவுன்டர் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். முன்னேறி வருகிறவன் மூன்று நிமிஷமும் கண்ணிலேயே இருப்பான். விதிப்படி கிளவுஸின் முட்டிப் பகுதி முகத்திலோ உடம்பிலோ சரியாக விழுந்தால்தான் அடி, சும்மா முன்னால் நடந்து வந்தால் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அசைகிற பக்கம்தான் கண் போகும்.

நானே ஒருமுறை தப்பாகக் கொடுத்திருக்கிறேன். இடது கை ஆட்டக்காரப் பையன், அவன் முதுகு என் பக்கம். அவன் லெஃப்ட் உள்ளே போனது எனக்குத் தெரியவே இல்லை. எதிராளி அடித்தது எல்லாம் இவன் கிளவுஸில்தான் பட்டது, ஆனால் சத்தம் டமார் டமார் என்று வந்தது. ரவுண்டை எதிராளிக்குப் போட்டேன். மற்ற நாலு பேரும் இந்தப் பையனுக்கே போட்டிருந்ததால் அவன் தப்பித்தான். அன்றைக்குப் பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்கு மனசு சரியில்லை.

உங்கள் பையனிடம் சொல்லுங்கள்: ஒரு கவுன்டர் அடித்துவிட்டு ஓடக் கூடாது, அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு போடணும். ரிங் நடுவை விடக் கூடாது. முதுகைக் கயிற்றில் சாய்த்தபடி அவன் எவ்வளவு அழகாகத் தடுத்தாலும் கீழே இருப்பவனுக்கு அது அடி வாங்குவது போலத்தான் தெரியும்.

நகரியிலிருந்து: ராய் ஜோன்ஸ் கதை நிஜமா, இல்ல ஊதிப் பெருசாக்கினதா?

நிஜம். 1988 சியோல் ஒலிம்பிக், லைட் மிடில்வெயிட் எடைப் பிரிவு ஃபைனல். தொலைக்காட்சிக்காரர்கள் எண்ணியபடி அமெரிக்காவின் ஜோன்ஸ் 86 அடி, கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. தீர்ப்பு 3-2, பார்க்குக்கு. கூத்து என்னவென்றால், அந்த ஒலிம்பிக்கின் சிறந்த பாக்சர் விருதையும் ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள்! பல வருஷம் கழித்து பார்க்கே அமெரிக்கா போய் அந்தத் தங்கத்தை ஜோன்ஸ் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனுஷனைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை, மார்க் போட்டவர் அவர் இல்லையே.

அதே நகரி நண்பர்: அப்புறம் பாயின்ட் எண்ண கம்ப்யூட்டர் வச்சாங்களே, அதை ஏன் எடுத்தாங்க?

1992 பார்சிலோனாவில் ஒலிம்பிக்குக்கு வந்தது. ஐந்து ஜட்ஜில் மூன்று பேர் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு பாயின்ட். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நாலைந்து அடியைச் சரசரவென்று சேர்த்துப் போட்டால் விரல் எண்ணி முடிக்காது. விலாவில் விழும் அடி மூன்று பேர் கண்ணுக்கும் ஒன்றாகப் படாது. பசங்க உஷார், உடம்பில் குத்துவதையே மறந்தார்கள். தூரத்தில் நின்று தலைக்கு ஒற்றை நேர் குத்து, உடனே பின்னால், பாயின்ட்டில் முந்திவிட்டால் பூட்டு. பாக்சிங் வாள் சண்டை மாதிரி ஆகிப் போச்சு. 2013-ல் அதை எடுத்துவிட்டு, ரவுண்டை ஜெயித்தவனுக்கு 10, தோற்றவனுக்கு 9 அல்லது அதற்கும் கீழே என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் நெருங்கிச் சண்டை போடுகிறவனுக்கு மறுபடி வாழ்வு.

ஆரம்பாக்கம், ஆட்டோ ஓட்டுபவர்: அப்போ யாருமே காசு வாங்கறதில்லைன்றீங்களா அண்ணே?

அப்படிச் சொல்லவே மாட்டேன். 2016 ரியோவில் அயர்லாந்தின் மைக்கேல் கான்லன் தோற்றுவிட்டு ஜட்ஜுகளைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். அங்கே இருந்த 36 ரெஃப்ரி, ஜட்ஜுகளையும் பிறகு ஒதுக்கி வைத்தார்கள். 2021-ல் வந்த மெக்லாரன் விசாரணை அறிக்கை, அங்கே முடிவுகளில் கைவரிசை நடந்தது உண்மை என்றது.

சத்தியவேடிலிருந்து: நம்ம பசங்க அந்தப் பக்கம் போனா அந்த ஊர்ப் பையனுக்குத் தீர்ப்பு. அவங்க இந்தப் பக்கம் வந்தா நம்ம பையனுக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?

இரண்டு பக்கமும் சேர்த்துச் சொன்னீர்கள் பாருங்கள், அதற்கே ஒரு கும்பிடு. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் சண்டைகளை ஆராய்ந்தவர்கள், சொந்த ஊர்க்காரனின் சாதகம் நாக்அவுட்டில் இருப்பதைவிட மார்க் போட்டு முடிவான சண்டைகளில் அதிகம் என்று கண்டார்கள். கூட்டம் கத்தினால் கிளவுஸில் பட்டதுகூட முகத்தில் பட்டது போல ஆகிவிடும். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில், அரையிறுதியில் நம்ம இந்தியாவின் சரிதா தேவி கொரியப் பெண்ணிடம் கொரியாவிலேயே தோற்றதாக அறிவித்தார்கள். அவர் வெண்கலத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கிடைத்தது ஒரு வருஷத் தடை.

தடாவிலிருந்து: தடுத்து ஆடறதே ஸ்டைலா வச்சிருக்கறவன் புரொஃபஷனலுக்குப் போனா தப்பிப்பானா?

1993-ல் தடுத்து ஆடுவதில் பெயர் பெற்ற பெர்னல் விட்டேக்கர், மெக்சிகோவின் சாவேஸை 12 ரவுண்ட் காற்றை அடிக்க வைத்தார். தீர்ப்பு டிரா. புரிந்துகொள்ளுங்கள் தம்பி.

மறுபடி சூளூர்பேட்டை அம்மா: நாங்க பார்க்கும்போது எங்க பையன்தான் ஜெயிக்கிற மாதிரி இருக்கு. கண்ணை எப்படிப் பழக்குறது?

டிவி சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மணி அடித்ததும் அடுத்த ரவுண்டுக்கு முன்னால் 10-9 யாருக்கு என்று எழுதிவிடணும், பிறகு அடித்துத் திருத்தக் கூடாது. 2012-ல் பக்கியாவோவை பிராட்லி ஜெயித்ததாகச் சொன்ன சண்டை இருக்கிறதே, உலகமே திட்டிய தீர்ப்பு, அதை இப்படிச் சத்தமில்லாமல் என் பசங்க பதினோரு பேருக்குப் போட்டுக் காட்டினேன். பத்து பேர் பக்கியாவோ. பிராட்லிக்குப் போட்டவன் ஒரே ஒருத்தன். அவன் உங்க பையன்தான் அம்மா.