கல்வி நிறுவனங்களில் அலுவலக ஊழியர்கள் தன்னம்பிக்கையோடு வேலை செய்ய, தலைமை என்ன செய்ய வேண்டும்?

கல்லூரி அலுவலகத்தில் பல காலம் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. பயிற்சி வகுப்பு, பாராட்டு எல்லாம் நல்லவைதான். ஆனால் முதலில் வேண்டியது, எதை யார் முடிவு செய்யலாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, அப்படி எடுத்த முடிவுக்கு முதல்வர் துணை நிற்பது.

கவுண்டரில் என்ன நடக்கிறது? கட்டணம் கட்ட அவகாசம் கேட்டு ஒரு மாணவர் வருகிறார். விதிப்படி முடியாது என்கிறார் எழுத்தர். மாணவரின் அப்பா நேராக முதல்வர் அறைக்குப் போகிறார். கொஞ்ச நேரத்தில் ‘கொடுத்துவிடுங்கள்’ என்று போன் வருகிறது. அந்த மாணவருக்கு அவகாசம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் விதியைச் சொன்ன எழுத்தர் எல்லார் முன்னாலும் ஈரமில்லாதவர் ஆகிவிட்டார். இனிமேல் அவர் எதற்கும் பதில் சொல்ல மாட்டார், ‘முதல்வரைப் பாருங்கள்’ என்பார். அப்புறம் சின்ன விஷயத்துக்கெல்லாம் தன்னிடம் வருகிறார்கள் என்று முதல்வரே குறைப்படுவார்.

ஒரு வாரம் வரை அவகாசம் தரும் உரிமையை எழுத்தருக்கே கொடுத்துவிடலாம். காரணத்தைப் பதிவேட்டில் எழுதினால் போதும். முடிவை எதிர்த்து யாராவது வந்தால், முதலில் எழுத்தரிடம் கேளுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால், புது முடிவையும் அவரே சொல்லட்டும்.

வேலைப்பளு மட்டும் ஆளை நொறுக்குவதில்லை. பளு அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் மன அழுத்தம் மிகுதியாகிறது என்று பணியிட மன அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதினார். சேர்க்கை நேரத்தில் எந்த அலுவலகத்தையும் பார்த்தால் இது புரியும்.

அடுத்தது, தவறு நடக்கும்போது தலைவர் கேட்கும் முதல் கேள்வி. ஒரு சான்றிதழில் பிறந்த தேதி மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே தெரிந்தால் உடனே வேறு அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். பயந்துபோய் மறைத்தால், அந்த மாணவர் சில வருடம் கழித்து வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது மாட்டிக்கொள்வார். அதனால் ‘யார் செய்தது?’ என்று தொடங்காதீர்கள். ‘வேறு யாருக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?’ என்று கேளுங்கள். நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொல்ல முடிந்தது என்பதே அவர் தந்த விளக்கம்.

தேர்வுத் தேதி மாற்றம், புது மென்பொருள் போன்றவற்றைப் பேசும் கூட்டத்துக்கு அலுவலக ஊழியர் ஒருவரையாவது கூப்பிடுங்கள். பெரும்பாலும் எல்லாம் முடிவான பிறகு சுற்றறிக்கை மட்டும்தான் அவர்கள் மேசைக்கு வருகிறது. புது மென்பொருளில் ஒரே மாணவரின் விவரத்தை மூன்று இடத்தில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும் என்பதை, வாங்குவதற்கு முன்பே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.