திருகோணமலை ஆழ்கடலில் தலபத்தும் மார்லினும்: கேள்வி பதில்

விடுமுறைக்கு வருவோரை ஏற்றிக்கொண்டு வெளிக்கடலில் தலபத், மார்லின் போன்ற நீண்ட அலகுள்ள பெரிய மீன்களுக்குத் தூண்டில் போட்டு, பிடித்ததைத் திரும்பக் கடலில் விடச் சொல்கிறவன் என்பதால், கேட்கப்பட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். மீனைப் பற்றிய கேள்வி என்றால் பதில் நீளும். வாடகைப் பேரம் என்றால் நீளாது.

டொரொன்ரோவிலிருந்து ஒருவர்: அண்ணா, டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறோம். நிலாவெளியில் படகு பிடித்து மார்லின் தூண்டிலுக்குப் போகலாமா?

போக வேண்டாம். டிசம்பரில் இங்கே வாடைக்காற்றும் மழையும் நேரே கரையை நோக்கி வருவதால், கடல் கலங்கி, அலை உயர்ந்து, எங்கள் தொழிலாளர்களே பல நாட்கள் வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்திருப்பார்கள். 1964ஆம் ஆண்டு திருகோணமலையைத் தாக்கிய சூறாவளியும் டிசம்பரில்தான் வந்தது. எங்கள் பருவம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை அதற்குள் அடங்கும். டிசம்பரில்தான் வர முடியும் என்றால் தெற்கே மிரிஸ்ஸ, ஹிக்கடுவைப் பக்கம் போங்கள். அந்தக் கரைக்கு அதுவே அமைதியான காலம்.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: பெரிய மீனுக்கு எவ்வளவு தூரம் ஓட வேண்டும்?

மற்றக் கரைகளில் ஓடும் அளவுக்கு இங்கே ஓட வேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவின் வாயிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கிழக்கே இறங்கிப் போவதால், கோணேசர் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே நீர் கருநீலமாகிவிடும். திமிங்கிலங்கள் இவ்வளவு கிட்ட வருவதற்கும் அந்த ஆழமே காரணம். ஆனால் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையோரக் கடல் தட்டையாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவது. கரையில் அலை எழாது, வெளியே போகப் போக எழும். இயந்திரம் நின்றுபோனால் வள்ளத்தை வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். ஒற்றை இயந்திரப் படகில், வானொலித் தொடர்பும் உயிர்காப்பு அங்கியும் இல்லாமல், யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர்: தலபத், மார்லின், வாள்மீன் மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது? தலபத் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் நீந்தும் என்பது உண்மையா?

நல்ல கேள்வி, தம்பி. தலபத்தின் முதுகுச் செட்டை உடலின் உயரத்தையும் மிஞ்சி விரிவதால்தான் அதை மயில்மீன் என்றும் சொல்கிறார்கள். வாள்மீனின் அலகு தட்டையானது. அதற்கு வயிற்றுச் செட்டை கிடையாது. மற்றவற்றின் அலகு ஈட்டிபோல் உருண்டது. மார்லின்களுக்குள் கறுப்பு மார்லினை அறிய நிறத்தைப் பார்க்காதீர்கள். செத்த மீனின் நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மார்புச் செட்டையை உடலோடு மடக்கிப் பாருங்கள். வளர்ந்த கறுப்பு மார்லினுடையது விறைத்து நிற்கும், நீல மார்லினுடையது மடங்கும். அந்த 110 கிலோமீற்றர் பழைய கணக்கு. கருவி பொருத்தி அளந்த அண்மைக் கால ஆய்வுகளில் வேகம் மணிக்கு 40 கிலோமீற்றருக்குள்ளேயே நின்றது. சாளைக் கூட்டத்தைத் தலபத் வெல்வது ஓட்டத்தால் அல்ல, அலகைக் கூட்டத்துக்குள் மெதுவாக நுழைத்துச் சட்டென்று பக்கவாட்டில் வெட்டுவதால்.

இலண்டனிலிருந்து ஒருவர்: கிறிஸ்மஸ் வாரத்தில் மார்லின் கிடைக்குமா?

முதற் பதிலைப் பார்க்கவும்.

பெயர் சொல்லாத ஒருவர்: புறாமலைத் தீவுக்கு அருகில் தூண்டில் போடலாமா?

கூடாது. அது 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா.

மூதூரிலிருந்து ஒரு கடற்றொழிலாளர்: ஐயா, நாங்கள் குடும்பத்துக்காகப் பிடிக்கும் மீனை, காசுள்ளவர்கள் ஒரு மணித்தியாலம் இழுத்து வதைத்துவிட்டுத் திரும்ப விடுவதை நீங்கள் புண்ணியம் போலப் பேசுகிறீர்கள். விட்ட மீன் பிழைக்குமா?

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. ஆனால் சாவதும் பிழைப்பதும் பெரும்பாலும் பிடிப்பவர் கையில் இருக்கிறது. இரை கோத்துப் போடும்போது வட்டத் தூண்டில் முள்ளைப் பயன்படுத்தினால், அது குடலில் ஏறாமல் வாயோரத்தில் மாட்டும். மெல்லிய தங்கூசியில் (நைலோன் தூண்டில் நூலில்) வீரம் காட்டாமல் தகுந்த பலமுள்ளதைப் போட்டால் இழுபறி சுருங்கும். படம் எடுப்பதற்காக மீனைப் படகுக்குள் தூக்கக்கூடாது; அலகைப் பிடித்துக்கொண்டு, படகை மெதுவாக முன்னே செலுத்தி, செவுளுக்குள் நீர் ஓடவிட்டு, அது தானாக உதறும்போது விட வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவரை நான் ஏற்றுவதில்லை.

அதே தொழிலாளர்: ஒரு மீனை விட்டால் கடல் நிறைந்துவிடுமா?

நிறையாது. இந்து சமுத்திரத்தில் தலபத் பெரும்பாலும் அகப்படுவது செவுள் வலைகளில்தான், தூண்டிற்காரர் கையில் அல்ல. ஆனால் நீல மார்லினில் ஆண்மீன் 160 கிலோவைத் தாண்டுவது அரிது. விருந்தினர் ஆசைப்படும் அந்தப் பெரிய மீன் பெண். முட்டை போடும் மீன். அதனால்தான் அதை விடச் சொல்கிறேன். வலையில் வந்ததை நீங்கள் விற்பதை நான் குறை சொல்லவில்லை.

பாலையூற்றிலிருந்து ஒருவர்: இந்த வாக்குவாதத்தில் ஒன்று விடுபட்டுவிட்டது. இழுக்கும்போதே செத்துப்போன மீன் யாருக்கு?

நீங்கள் கேட்டதே சண்டை மூளும் இடம். கரைக்கு வந்த பிறகு பேசினால் விருந்தினர் ஒரு பக்கம், படகுக்காரர் மறுபக்கம் இழுப்பார்கள். நான் புறப்படும் முன்பே எழுதிவிடுவேன்: விருந்தினருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு துண்டு, மிச்சம் படகில் வேலை செய்தவர்களுக்கு. இதில் மூதூர் நண்பருக்கும் மறுப்பிருக்காது என்று நம்புகிறேன்.

அதே தொழிலாளர்: மறுப்பில்லை. அந்தப் படகுகளில் எங்கள் பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள்.

காற்றைப் படிக்கத் தெரிந்தவர்களைத்தான் நானும் தேடுகிறேன். பருவம் தொடங்குமுன் அனுப்பிவையுங்கள்.

சிட்னியிலிருந்து ஒருவர்: தைப்பொங்கலுக்கு வருகிறோம், ஜனவரியில் கடல் எப்படி?

டிசம்பரைப் போலவே. வாடைக்காற்று பண்டிகை பார்த்து நிற்பதில்லை.

அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தாய்: மகள் கர்ப்பமாக இருக்கிறாள். சந்தையில் வாங்கிய மார்லின் துண்டைச் சமைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. மார்லின், வாள்மீன் போன்ற பெரிய இரைகொல்லிகளின் சதையில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகள் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. சூடை, சாளை கொடுங்கள். மற்றவர்களும் வெயிலில் கிடந்த தலபத்தை வாங்காதீர்கள். பனிக்கட்டி இல்லாமல் கிடந்த மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடிக்கும். துண்டை நாக்கில் வைக்கும்போது மிளகு போல் உறைத்தால் துப்பிவிடுங்கள்.