முதலில் ஆயாவின் குரல், அப்புறம்தான் படம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். கடைசி வருடப் படிப்புக்காக ஓர் அனிமேஷன் குறும்படம் எடுக்க வேண்டும். ஆறு மாதம் இருக்கிறது. கூட இரண்டு தோழிகள், எட்டு ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப். கதையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்: அவருடைய ஆயாவின் பாட்டி சென்னையில் கப்பலேறி நேட்டாலுக்கு வந்து கரும்புக்காட்டில் உழைத்த கதை. ஆயா அதைத் தமிழில்தான் சொல்வாராம். “ஐந்து நிமிடப் படத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? த்ரீடியில் செய்யலாமா, கையால் வரையலாமா? தமிழிலேயே எடுத்தால் யாருக்குப் புரியும்?” என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழிலேயே எடுங்கள். கீழே ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுத்து ஓடட்டும். நம் ஊரில் தமிழைச் சரளமாகப் பேசுகிற ஆயாக்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் ஆயாவின் பேச்சு, இடையில் வந்து விழுகிற ஜூலு வார்த்தையும் ஆங்கில வார்த்தையும் உட்பட, அப்படியே படத்தில் வரவேண்டும். டப்பிங்குக்கு ஆள் தேடவே தேடாதீர்கள்.

இப்போது நீளத்துக்கு வருகிறேன். ஐந்து நிமிடம் வேண்டாம், இரண்டரை நிமிடம் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது அசையாத 24 படம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். ஆக நொடிக்கு 12 படம், ஐந்து நிமிடத்துக்கு 3600 படம். ஒவ்வொன்றையும் வரைந்து, கோட்டைச் சுத்தம் செய்து, வண்ணம் போட வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து படம் என்று வைத்தால் மூன்று பேருக்கு 240 நாள் ஆகும். உங்களிடம் இருப்பது சுமார் 180 நாள். அதிலும் வகுப்பு, பரீட்சை, கல்யாணம், காவடி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டரை நிமிடமென்றால் 1800 படம். அதையும் முழுக்க வரைய வேண்டியதில்லை. 50 நொடிக்கு மட்டும் முழு அசைவு வைத்துக்கொள்ளுங்கள். 600 படம், தலைக்கு 200. மீதி நூறு நொடியில் ஒரு பின்னணி ஓவியத்தின் மேல் கேமரா மெதுவாக நகரலாம். காற்றில் முந்தானை மட்டும் ஆடலாம். முகம் அசையாமல் இருக்க, கண் மட்டும் ஒருமுறை இமைக்கலாம். அசைய வேண்டிய அந்த 50 நொடி எது என்பதில்தான் நீங்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும். கடல் புயலை வரையப் பலருக்கும் ஆசை வரும். என்னைக் கேட்டால் அந்த உழைப்பை அலைக்குக் கொடுக்க மாட்டேன். பாட்டி முதல்முதலாகக் களைக்கொத்தைப் பிடித்துக் குனிகிறாரே, அந்த முதுகுக்கும் கைக்கும் கொடுப்பேன்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆயாவின் குரலிலிருந்து. ஒரு கோடுகூடப் போடுவதற்கு முன்னால் குரலைப் பதிவு செய்துவிடுங்கள். நான் மாணவனாக இருந்தபோது இதைத் தலைகீழாகச் செய்தேன். படத்தை வரைந்துவிட்டு அப்புறம் பேச வைத்தேன். பேச்சு நான் நினைத்ததைவிட நான்கு நொடி முன்னதாகவே முடிந்துவிட்டது. ஒன்பது நாள் உட்கார்ந்து வரைந்த காட்சியை வெட்ட வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

ஆயாவிடம் வசனத் தாளைக் கொடுக்காதீர்கள். தாளைப் பார்த்துப் படித்தால் குரல் விறைத்துவிடும். கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள், இன்னொரு வாரம் கழித்து மூன்றாவது முறையும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு விவரம் வெளியே வரும். பதிவுக்கு நல்ல அறை, துணி நிறைந்த அலமாரி உள்ள படுக்கையறை. ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். பேசி முடித்ததும் யாரும் மூச்சுக்கூட விடாமல் அந்த அறையின் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் நிரப்ப அதுதான் உதவும். விடியற்காலையைத் தவிர்த்துவிடுங்கள், மைனாக் கூட்டம் விடாது. அந்த மைனாவும் நம்மைப்போல இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்ததுதான். படத்தில் அதற்கு ஒரு ஷாட் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்புறம், குரலைப் படத்தில் பயன்படுத்த ஆயா சம்மதிக்கிறார் என்று ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள். திரைப்பட விழாவுக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

குரல் பதிவாகிக்கொண்டிருக்கிற அந்த வாரங்களில் தகவல் தேடுங்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து இப்படி வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம் என்று அதில் பத்திகள் இருக்கும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. டர்பனிலேயே 1860 மரபு மையமும் இருக்கிறது. இரண்டுக்கும் நேரில் போங்கள். பாட்டியின் பதிவு கிடைத்து, இடது மணிக்கட்டில் தழும்பு என்று எழுதியிருந்தால், உங்கள் கதாபாத்திரத்துக்கு இடது மணிக்கட்டில் தழும்பு போடுங்கள். அவர் எந்த வருடம் வந்தார் என்று தெரிந்தால் கப்பலையும் சரியாக வரையலாம். பிற்காலத்தில் வந்தவர்கள் நீராவிக் கப்பலில் வந்தார்கள். அங்கே பாய்மரத்தை வரைந்து வைத்தால், விவரம் தெரிந்தவர் முதல் ஷாட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

குரலை இரண்டரை நிமிடத்துக்கு வெட்டிச் சுருக்கியதும் ஸ்டோரிபோர்டு. சின்ன ஒட்டுத் தாள்களில், தாளுக்கு ஒரு ஷாட். குச்சி மனிதர்கள் போதும். உங்கள் நீளத்துக்கு 25 முதல் 30 ஷாட் வரும். அவற்றைச் சுவரில் ஒட்டி, மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். பிறகு ஃபோனில் படம் பிடித்து, ஆயாவின் குரலுக்கு மேல் வரிசையாக வைத்து ஓட விடுங்கள். இதற்குப் பெயர் அனிமேட்டிக். ஆறு மாதத்தில் முழுசாக ஆறு வாரத்தை இதுவரையிலான வேலைக்குக் கொடுங்கள். தோழிகள் பதறுவார்கள், “இன்னும் வரையவே ஆரம்பிக்கவில்லையே” என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். கதை தெரியாத ஒருவரிடம் அனிமேட்டிக்கைப் போட்டுக் காட்டுங்கள். எங்கே அவர் கண் திரையை விட்டு நகர்கிறது என்று கவனியுங்கள். அங்கே ஒரு ஷாட் அதிகம். இன்னொரு முறை சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்டுங்கள். தமிழ் தெரியாத பார்வையாளர் உங்கள் படத்தை ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கப் போகிறார். குச்சி மனிதர்களை வைத்தே ஒருவர் கண் கலங்கினால் படம் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

த்ரீடியா, கையா? கைதான் என்பேன். பிளெண்டர் அருமையான மென்பொருள், இலவசமும்கூட. 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்விய நாட்டுப் படம் ‘ஃப்ளோ’ அதில் செய்ததுதான். ஆனால் ஒரு உருவத்தைச் செதுக்கி, அதற்கு எலும்புக்கூடு பூட்டி, சேலை மடிப்பை நம்புகிற மாதிரி அசைய வைக்கவே உங்கள் ஆறு மாதம் போய்விடும். கையால் வரைய கிரிட்டா என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம்தான். எட்டு ஜிபி லேப்டாப் தாங்க வேண்டுமானால் ஷாட்டுக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாக வைத்து, முழு எச்டியிலேயே வேலை செய்யுங்கள். அதைவிடப் பெரிய ஃபோர்கே அளவின் பக்கம் போகவே வேண்டாம்.

ஒரு ஷாட்டுக்கு மட்டும் கணினியை விட்டு வெளியே வரச் சொல்வேன். ஜோஹன்னஸ்பர்க்கைச் சேர்ந்த ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் கரியால் வரைந்தே படங்கள் செய்துவருகிறார். ஒரு காட்சிக்கு ஒரே தாள்தான். வரைகிறார், படம் பிடிக்கிறார், கொஞ்சம் அழித்துத் திருத்துகிறார், மறுபடி படம் பிடிக்கிறார். அழித்த தடம் தாளில் மங்கலாக அப்படியே நிற்கும். டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் இன்றும் அறுவடைக்கு முன்னால் கரும்புத் தோகையைக் கொளுத்தும்போது, கரித்தூள் பறந்துவந்து கொடியில் காயும் வெள்ளைத் துணியில் உட்காருமே, அந்தக் காட்சிக்குக் கரியைவிடப் பொருத்தமான பொருள் எது? ஆயா கதையைத் தொடங்குகிற ஷாட்டை இப்படிச் செய்து பாருங்கள். ஃபோனை ஸ்டாண்டில் இறுக்கிவிட்டு, வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஆகாது. டர்பன் மேகம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தை மாற்றும், படமெல்லாம் மினுக்மினுக்கென்று துடிக்கும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு இரண்டு மேசை விளக்கு வையுங்கள்.

வாயசைவுக்கு வருகிறேன். இணையத்தில் கிடைக்கிற வாயசைவு அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவை. தமிழுக்கு நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், ஆறு வாய் போதும். ப, ம வரும்போது உதடு மூட வேண்டும். இதைத் தவறவிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். வ என்றால் மேல் பல் கீழுதட்டைத் தொடும். உ, ஒ குவிந்த வாய், ஆ திறந்த வாய், இ, எ பக்கவாட்டில் விரிந்த வாய். ல, ள, ழ, ர எல்லாம் நாக்கின் வேலை, வெளியே தெரியாது. அவற்றுக்கெல்லாம் பாதி திறந்த ஒரே வாய் போதும். இரட்டிக்கும் எழுத்தில் கவனம் வேண்டும். ‘அம்மா’, ‘கப்பல்’ என்னும்போது மூடிய உதட்டை இரண்டு ஃபிரேமில் திறந்துவிடாதீர்கள், நான்கு ஃபிரேமாவது மூடியே இருக்கட்டும். அடுத்தது குற்றியலுகரம். ‘காடு’, ‘கரும்பு’ என்று எழுதினாலும் கடைசி உகரத்தில் நம் உதடு குவிவதில்லை. எழுத்தைப் பார்த்துக் குவிந்த வாயை வரைந்தால் ஆயா எல்லா வார்த்தை முடிவிலும் விசில் அடிப்பதுபோல் இருக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் கண்ணாடி முன்னால் நின்று ‘காடு’ என்று சொல்லி, அப்புறம் ‘பூ’ என்று சொல்லிப் பாருங்கள்.

மின்சாரம் போகிற ஊரில் ரெண்டர் செய்கிறீர்கள் (வரைந்ததைக் கணினி கோப்பாக வெளியே எடுப்பதுதான் ரெண்டர்) என்பதை மறக்காதீர்கள். ஷாட்டை ஒரே வீடியோ கோப்பாக வெளியே எடுக்காதீர்கள், பாதியில் மின்சாரம் போனால் அத்தனையும் வீண். ஃபிரேமுக்கு ஒரு படமாக எடுங்கள். 300ஆவது ஃபிரேமில் நின்றால் 301இலிருந்து தொடரலாம். எல்லாக் கோப்புக்கும் இரண்டு நகல், இரண்டு வீட்டில்.

இசைக்குச் சினிமாப் பாட்டைத் தொடவே தொடாதீர்கள். விழாக்காரர்கள் முதலில் கேட்பது உரிமைக் கடிதத்தைத்தான். ஆயாவையே ஒரு தாலாட்டுப் பாடச் சொல்லுங்கள். கரும்பு முறியும் சத்தம், தோகை உரசும் சத்தம் இரண்டையும் காட்டோரம் போய் நீங்களே பதியுங்கள். கப்பல் மரம் முனகுவதற்கு வீட்டில் இருக்கிற பழைய நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினால் போதும்.

படம் முடிந்ததும் உடனே யூடியூபில் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் வெளியான படத்தைச் சில விழாக்கள் எடுத்துக்கொள்ளாது. டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979இலிருந்து நம் வாசலிலேயே நடக்கிறது. கேப்டவுனில் அனிமேஷனுக்கென்றே ஒரு விழா உண்டு. பிரான்ஸின் அன்சி விழாவில் மாணவர்களின் பட்டப்படிப்புப் படங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஒவ்வொன்றின் விதிகளையும் இப்போதே படித்து, கடைசித் தேதியைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாகப் பெயர்ப் பலகை. சில மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடையும், கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலும் நிற்கும். எழுத்துகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமைத்துப் படமாக எடுத்து ஒட்டுங்கள், சரியாகிவிடும். கப்பல் பதிவேட்டில் பாட்டியின் பெயரை யாரோ ஒரு குமாஸ்தா, தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். அதைப் பார்த்து அப்படியே தமிழில் எழுதிவிடாதீர்கள். ஆயாவை மெதுவாக இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, அது லகரமா ளகரமா என்று உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.