டிரில் வாத்தியார் பதில்கள்: பேரன் ஆடப் போகிறான், அப்பிச்சி என்ன சொல்வது?

மகள் வீட்டுக்கு மெல்போர்ன் போயிருந்தபோது பார்த்த ஆஸ்திரேலிய ஃபுட்பாலைப் பற்றிப் போன மாதம் இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நான்கை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆட்டத்தில் ஸ்கோரை 15.10.100 என்று போடுகிறார்களே, மூன்று எண்கள் எதற்கு?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள் நட்டிருக்கும். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளி. அதை ஒட்டிய பக்கத்துச் சந்தில் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. 15 கோலுக்கு 90, 10 பிஹைண்டுக்கு 10, ஆக 100. குறி கொஞ்சம் தப்பினாலும் ஒரு புள்ளி கிடைக்கிற ஆட்டம் அது. எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகள் குடும்பம் மெல்போர்னில் இருக்கிறது. பேரனுக்கு 17 வயது. முட்டை மாதிரி பந்தை வைத்து ஆடும் அந்த ஆட்டத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் அணியில் ஆடுகிறான். நவம்பரில் 'டிராஃப்ட்' வருகிறதாம். பெரிய கிளப் எடுத்தால் அதையே தொழிலாக வைத்துக்கொள்வேன் என்கிறான். மகள் மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்கிறாள். இருவரும் தனித்தனியாக எனக்குப் போன் போட்டுப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறார்கள். நான் யார் பக்கம் பேசட்டும்?
— ஓர் அப்பிச்சி, காங்கேயம் பக்கம்

அய்யா, யார் பக்கமும் பேச வேண்டாம். முதலில் அந்த டிராஃப்ட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதி பஞ்சாயத்து அதிலேயே முடிந்துவிடும்.

இப்போது அந்த ஆட்டத்தின் பெரிய லீகில் 18 கிளப்புகள் இருக்கின்றன. வருடக் கடைசியில் ஒவ்வொரு கிளப்பும் முறைவைத்துப் புதுப் பையன்களைப் பெயர் சொல்லி எடுக்கும். கடைசி இடத்தில் முடித்த கிளப்புக்குத்தான் முதல் முறை. அந்த வருடத்துக்குள் 18 வயது நிறைகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். நாடு முழுவதிலுமிருந்து தேறுவது சுமார் 60, 70 பேர்தான். பையன் கிளப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது, கிளப்தான் பையனைத் தேர்ந்தெடுக்கும். மெல்போர்ன் பையனைப் பெர்த் கிளப் எடுத்தால் விமானத்தில் நாலு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்படி வெளியூர் போகிற பையனை முதலில் ஏதாவது ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கவைப்பது அங்கே வழக்கம். உங்கள் மகளிடம் இதைக் கேட்டீர்களா? மருத்துவம் என்று அவர் சொல்வதற்குள்ளே, பையன் வீட்டை விட்டுப் போய்விடுவானோ என்ற பயமும் இருக்கலாம். நான் ஒரு பெண்ணின் தகப்பன். என் மகள் எதையாவது பிடிவாதமாகச் சொன்னால் அதற்குள் வேறொன்று இருக்கும்.

இன்னொன்று. அங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை அக்டோபர், நவம்பரில் நடக்கிறது. டிராஃப்டும் அதையொட்டியே வருகிறது. அதற்கு முன் 20 மீட்டர் ஓட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், எகிறிக் குதிப்பது என்று உடல்திறன் சோதனைகள் வேறு. பையன் இரண்டு நுகத்தடியைச் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கிறான். டஸ்டின் ஃபிளெட்சர் என்று ஒருவர் 1993-ல் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டே எசெண்டன் அணிக்கு ஆடினார். அந்த வருடம் அணி கோப்பையும் வாங்கியது. அவர் 400 மேட்ச் ஆடி 2015-ல்தான் நிறுத்தினார். அது அபூர்வம், ஆனால் படிப்பும் ஆட்டமும் சேராது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. கிளப்புகளில் இளம் ஆட்டக்காரர்களின் படிப்பையும் வாழ்க்கையையும் கவனிக்கவே தனி அலுவலர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக இடத்தை ஒரு வருடம் தள்ளிவைத்துக்கொள்ளும் வசதியும் பல படிப்புகளுக்கு உண்டு. மருத்துவத்துக்கு எப்படி என்று மகளை இப்போதே நேரில் விசாரிக்கச் சொல்லுங்கள். தொழில்முறைப் பயிற்சியையும் மருத்துவப் படிப்பையும் ஒரே வருடத்தில் தொடங்குவது நடக்காத காரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, டிராஃப்டில் எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது அதற்குப் பிறகு நடப்பதைத்தான்.

பெயர் வாசித்த கொஞ்ச நாளிலேயே பயிற்சி தொடங்கிவிடும். அது அங்கே வெயில் காலம். மார்ச்சில் சீசன் ஆரம்பித்து செப்டம்பர் வரை போகும். ஆனால் பெரும்பாலான புதுப் பையன்களை உடனே பெரிய மேட்சில் இறக்கமாட்டார்கள். இரண்டாம் நிலை அணியில் ஆடிக்கொண்டே வாராவாரம் அணிப் பட்டியலில் தன் பெயரைத் தேட வேண்டும். கையில் இருப்பது இரண்டு, மூன்று வருட ஒப்பந்தம்.

சாம் மிட்செல் என்பவரை ஹாதார்ன் கிளப் 2001 டிராஃப்டில் 36-வது ஆளாக எடுத்தது. முதல் வருடம் பெரும்பாலும் பாக்ஸ் ஹில் என்ற இரண்டாம் நிலை அணியில்தான் ஆடினார். அங்கே அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார். அடுத்த வருடம், 2003-ல், பெரிய லீகின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். மஜாக் டோவின் கதை இன்னும் நீளம். சூடானில் பிறந்து, எகிப்து வழியாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த குடும்பம். 2009 கடைசியில் நார்த் மெல்போர்ன் எடுத்தது. முதல் மேட்ச் ஆடியது 2013-ல். நடுவில் மூன்று சீசன் முழுக்கக் காத்திருப்பு. முதல் உதையே கோலாகப் போனது.

காத்திருக்கும் பையன் என்ன செய்துகொண்டிருப்பான் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு மைதானம். தினமும் சாயங்காலம் ஒரு பையன் தனியாக வருவான். பந்தின் ஒரு முனை வானத்தையும் இன்னொரு முனை தரையையும் பார்க்கும்படி, முழுத் தேங்காயை நிமிர்த்திப் பிடிப்பதுபோல் இரண்டு கையிலும் பிடிப்பான். நாலு எட்டு ஓடி, ஒரே கையால் அதைக் கீழே நழுவவிடுவான். புறங்கால் பட்டதும் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே நேராகப் போகும். நழுவவிடும்போது அரை விரல் சாய்ந்தாலும் கோணலாகப் போய்விடும். வலது காலில் பத்து, இடது காலில் பத்து. அப்புறம் தானே ஓடிப் பொறுக்கி வந்து மறுபடியும். வேலியோரம் நின்று நான் நூறு வரை எண்ணினேன். அதற்குமேல் இருட்டிவிட்டது. அவன் போகவில்லை.

சொந்தக்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பு கண்ணில் படாது. இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடத்துக்கு முன் என்னிடம் கபடி பழகிய பையன் ஒருவன் விளையாட்டு விடுதிக்குத் தேர்வானான். பஸ் ஸ்டாப்பில் தட்டி வைத்தார்கள், ஊரே வழியனுப்பியது. ஆறு மாதம் அங்கே மாற்று ஆளாகவே உட்கார்ந்திருந்தான். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வந்தான். கோயில் வாசலில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் ஒரே கேள்வி: "எத்தனை மேட்ச் ஆடினே?" நானும் அதையேதான் கேட்டேன். நோம்பி முடிந்து அவன் விடுதிக்குத் திரும்பிப் போகவில்லை. அவன் கால் நல்லாத்தான் இருந்தது, மூச்சும் நல்லாத்தான் இருந்தது. இப்போது டிராக்டர் பட்டறை வைத்து நன்றாக இருக்கிறான், என்னைப் பார்த்தால் டீ வாங்கித் தருகிறான். இருந்தாலும் அன்றைக்கு நான் வேறு எதையாவது கேட்டிருக்கலாம் என்பது எனக்குள் அப்படியே கிடக்கிறது.

அங்கேயும் இது உண்டு. டாம் பாய்ட் 2013 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். ஒரே வருடத்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கிளப்புக்கு ஏழு வருட ஒப்பந்தத்தில் மாறினார், மிகப் பெரிய தொகை. 2016 இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்தார், 1954-க்குப் பிறகு அந்த கிளப் வாங்கிய முதல் கோப்பை அது. 2019-ல், 23 வயதில், ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போதே ஆட்டத்தை விட்டார். தூக்கமின்மை, மனச்சோர்வு என்று வெளிப்படையாகவே பேசினார். பையன் தோற்றால்தான் பாரம் என்று நினைக்காதீர்கள், ஜெயித்தாலும் தோளில் அது இருக்கும்.

அதனால் அய்யா, மகள் போன் செய்தால் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கவிடச் சொல்லுங்கள், கூடவே படிப்புக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பேரன் போன் செய்தால் ஆட்டத்தை நீங்களாக எடுக்காதீர்கள். "சாப்பிட்டியா கண்ணு, தூங்குனியா?" என்று கேளுங்கள். அவனாகச் சொன்னால் எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கு ஆடச் சொல்லித்தரப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அப்பிச்சி நீங்கள் ஒருவர்தான்.

வீடியோவில் பார்த்தேன், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் பந்தைப் பிடிக்கிறார்கள். ஹெல்மெட்டும் இல்லை. பெற்றவர்கள் எப்படி விடுகிறார்கள்?
— ஒரு தாய், திருப்பூர்

பயம் நியாயம்தான் அம்மிணி. முழங்கால் சவ்வு கிழிவது அங்கே பலருக்கு நடக்கிறது. அறுவை சிகிச்சை செய்தால் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை வெளியில்தான். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று டாக்டர் சொல்லிவிட்டால் குறைந்தது 12 நாள் ஆடக்கூடாது என்று 2021-ல் விதி கொண்டுவந்தார்கள். நம் பள்ளி மைதானங்களில் தலையில் அடிபட்ட பையனுக்கு முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடி இறக்கிவிடுகிறோம். அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

நான் 6 அடி 6 அங்குலம். கல்லூரி பேஸ்கட்பால் அணியில் ஆடுகிறேன். அந்த ஆட்டத்துக்கு வெளிநாட்டுக்காரர்களையும் எடுக்கிறார்களாமே, நான் முயற்சி செய்யலாமா?
— ஒரு மாணவர், நாமக்கல்

எடுக்கிறார்கள் தம்பி, ஆனால் மிகக் கொஞ்சம் பேரை. மேசன் காக்ஸ் உங்களைப் போலக் கல்லூரி பேஸ்கட்பால் ஆடியவர். அமெரிக்கர், 211 சென்டிமீட்டர் உயரம், இன்ஜினியரிங் படித்தவர். 2014-ல் காலிங்வுட் கிளப் ஒப்பந்தம் போட்டது. 2016 ஏப்ரல் 25-ல்தான் முதல் மேட்ச், முதல் உதையில் கோல். இரண்டு வருடம், பந்தை எப்படிக் கையிலிருந்து விடுவது என்பதிலிருந்து ஆரம்பித்துப் படித்திருக்கிறார்.

அவருக்கும் முன்னோடி ஜிம் ஸ்டைன்ஸ். டப்ளினில் அயர்லாந்து ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தவர், 18 வயதில், 1984-ல் மெல்போர்ன் கிளப்புக்கு வந்தார். 1987-ல்தான் பெரிய அணியில் இடம் கிடைத்தது. அதே வருடம் அணி இறுதிப் போட்டிக்குப் போக ஒரே ஒரு மேட்ச் பாக்கி. 1964-க்குப் பிறகு அந்த கிளப் இறுதிப் போட்டியைப் பார்த்ததில்லை. கடைசி நொடிகளில் மெல்போர்ன் முன்னிலை. எதிரணியின் கேரி பக்கனாரா வெகு தூரத்திலிருந்து உதைக்க நிற்கிறார். அப்படி ஒருவர் உதைக்க நிற்கும்போது அவருக்கும் காவல் நிற்பவருக்கும் நடுவே குறுக்கே ஓடக்கூடாது. அது விதி. ஸ்டைன்ஸ் தன் ஆளைப் பிடிக்கும் அவசரத்தில் குறுக்கே ஓடிவிட்டார். நடுவர் 15 மீட்டர் முன்னால் கொண்டுபோய் உதைக்கச் சொன்னார். சைரன் ஊதியாகிவிட்டது. பக்கனாரா உதைத்தார், கோல். இரண்டு புள்ளியில் மெல்போர்ன் தோற்றது.

ஊர் விட்டு ஊர் வந்த 21 வயதுப் பையன். எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். இதை எழுதும்போதே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நான்கு வருடம் கழித்து, 1991-ல், லீகிலேயே மிகப் பெரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை வாங்கினார். 1998 வரை ஒன்றைக்கூட விடாமல் 244 மேட்ச் தொடர்ந்து ஆடினார்.

நீங்கள் உயரத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 20 மீட்டர் ஓட எத்தனை விநாடி, 2 கிலோமீட்டர் ஓட எத்தனை நிமிடம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எகிறுகிறீர்கள், இந்த மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அளந்து எழுதுங்கள். ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஆள் இல்லையென்றால் தேதியைச் சொல்லுங்கள், கோபியில் முதல் பஸ் ஏறி நானே வருகிறேன்.