மீட்டர் பேசலையா? மோட்பஸ் செட்டிங் கேள்வி பதில்

கப்பலூர், திருமங்கலம், வாடிப்பட்டி பக்கத்து மில்லு, பேனல் ஷாப் ஆட்கள் கேட்டவை. எல்லாமே ஆர்எஸ்-485 வயரில் (ஏ, பி என்ற ரெண்டு கம்பியில் பல கருவிகளைக் கோக்கும் லைன்) ஓடும் மோட்பஸ் ஆர்டியூ, அதாவது மீட்டரும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் முறை பற்றியது.

கேள்வி (கப்பலூர், மெயின்டனன்ஸ்): அண்ணே, டெம்பரேச்சர் மாடியூலுக்கு அட்ரஸ் 5 வேணும்னு டிப் சுவிட்ச்சுல (வரிசையா இருக்கிற குட்டி சுவிட்சுகள்) அஞ்சாவதை ஆன் பண்ணினேன். பிஎல்சி (மெஷினை ஓட்டுற கன்ட்ரோலர்) எரர் காட்டுது.

பதில்: தம்பி, பெரும்பாலான மாடியூல்ல அந்த சுவிட்சுகளோட மதிப்பு 1, 2, 4, 8, 16னு இரட்டிச்சுக்கிட்டே போகும். அஞ்சாவதை மட்டும் தள்ளினா அட்ரஸ் 16. உங்களுக்கு வேண்டியது 4 கூட்டல் 1, அதாவது மூணாவதும் முதலாவதும். மாத்தினதும் பவரை ஆஃப் பண்ணிப் போடுங்க, பல மாடியூல் பவர் ஏறும்போது மட்டும்தான் சுவிட்சைப் பார்க்கும். 1லிருந்து 247 வரை எதையும் வைக்கலாம். ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு வேண்டாம்.

கேள்வி (திருமங்கலம், நூற்பாலை): ஒரே லைன்ல 14 எனர்ஜி மீட்டர். கடைசி ரெண்டும் அடிக்கடி டைம்-அவுட், நேரத்துக்குப் பதில் வர்றதில்ல. எதுக்கும் இருக்கட்டும்னு எல்லா மீட்டர்லயும் டெர்மினேஷன் (லைன் நுனியில போடுற ரெசிஸ்டர்) சுவிட்சை ஆன் பண்ணிட்டேன் சார், இன்னும் மோசமாயிடுச்சு.

பதில்: மோசமாகத்தான் செய்யும். அந்த சுவிட்ச் ஒவ்வொண்ணும் ஏ-க்கும் பி-க்கும் நடுவுல 120 ஓம் போடுது. ரெண்டு நுனியில மட்டும் இருந்தா மொத்தம் 60 ஓம், சிக்னல் அனுப்புற டிரைவர் சிப் அதைத் தாங்கும். 14-உம் ஆன்னா 8, 9 ஓம்தான். கிட்டத்தட்ட ஷார்ட்.

செட்டிங்கைத் தொடுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க. எல்லாப் பவரையும் ஆஃப் பண்ணிட்டு ஏ, பி நடுவுல ஓம் பாருங்க. 60-க்குக் கொஞ்சம் கீழே வந்தா சரி. 120 பக்கம்னா ஒரு நுனியில மட்டும்தான் டெர்மினேஷன் இருக்கு, இல்ல கேபிள் நடுவுல அறுந்திருக்கு. 40னா எவரோ மூணாவதா ஒண்ணை ஆன் பண்ணி வச்சிருக்காங்க. இந்த அளவைப் பாக்காம பாட் ரேட்டை (டேட்டா போற வேகம்) மாத்தி மாத்தி ஒரு ஷிஃப்டே போகும், நம்ம ஊர்ல இதுதான் வழக்கம்.

அடுத்து வயரிங். பேனல்ல ஒரு கனெக்டரிலிருந்து நாலு திசைக்கும் கேபிள் பிரிஞ்சு போகுதா? வேண்டாம். ஒரு மீட்டர்ல ஏறி இறங்கி அடுத்ததுக்குப் போகணும், பழைய சீரியல் பல்ப் தோரணம் மாதிரி.

கேள்வி (வாடிப்பட்டி): பாட் ரேட், பேரிட்டி எது நல்லது?

பதில்: நல்லது கெட்டதுன்னு இல்லீங்க, எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும். மோட்பஸ் விதி சொல்றது 19200, ஈவன் பேரிட்டி (தப்பு வந்தா கண்டுபிடிக்கச் சேர்க்கிற பிட்), ஒரு ஸ்டாப் பிட் (ஒவ்வொரு பைட்டும் முடிஞ்சதைக் காட்டுற பிட்). பேரிட்டி இல்லைன்னா ரெண்டு ஸ்டாப் பிட். நம்ம சந்தையில வர்றது பாதி 9600, பேரிட்டி இல்ல, ஒரு ஸ்டாப் பிட். ஒரு மீட்டரை மட்டும் மாத்த முடியலைன்னா மத்ததை எல்லாம் அதுக்கு இறக்குங்க.

கேள்வி (புதூர், பேனல் ஷாப்): வோல்டேஜ் 230 வரணும், ஸ்க்ரீன்ல 0 காட்டுது. கம்யூனிகேஷன் எரர் இல்ல.

பதில்: எரர் இல்லைன்னா லைன் நல்லாருக்கு, வயரைக் கழட்டாதீங்க. மீட்டர் அளவை ஃப்ளோட்டா, அதாவது தசம எண் வடிவத்துல அனுப்புது. 230-ன்றது ஹெக்ஸ்ல (16 அடிமான எண்) 4366, 0000னு ரெண்டு ரிஜிஸ்டர் (மீட்டர் மதிப்பை வைக்கிற 16 பிட் இடம்). வரிசை தலைகீழானா 0000, 4366. அது மிகமிகச் சின்ன எண், ஸ்க்ரீன் 0ன்னு காட்டிரும். ரெண்டு ரிஜிஸ்டரையும் இடம் மாத்திப் படிக்கிற வேர்டு ஸ்வாப்பை ஆன் பண்ணிப் பாருங்க. அப்பவும் சரியா வரலைன்னா ரிஜிஸ்டர் அட்ரஸ் ஒண்ணு தள்ளியிருக்கும்: மேனுவல்ல 40001னு எழுதியிருந்தா லைன்ல போறது 0.

கேள்வி (மேலூர்): டிரைவோட (மோட்டார் வேகத்தை மாத்துற கருவி) மோட்டார் கேபிளும் இந்த மோட்பஸ் கேபிளும் ஒரே ட்ரேயில போகலாமா?

பதில்: கூடாது. தனி ட்ரே, ஷீல்டு (கேபிளைச் சுத்தின உலோக உறை) ஒரு பக்கம் மட்டும் எர்த். வேற வழியில்லாம மோட்டார் கேபிளைத் தாண்ட வேண்டிய இடத்துல மட்டும் 90 டிகிரியில குறுக்கே போங்க.

கேள்வி (கப்பலூர், அதே தம்பி): ஏ, பி மாத்திக் கொடுத்துட்டா எரிஞ்சிடுமாண்ணே?

பதில்: எரியாது. சில கம்பெனி ஏ-ன்னு போடுறதை வேற கம்பெனி பி-ன்னு போடும். பேசலைன்னா தைரியமா மாத்திப் பாருங்க. ஆனா 24 வோல்ட் டெர்மினல் பக்கத்துலேயே இருக்கும், அதுல குத்திடாதீங்க.